கேட்காமல் விட்டோம்

வண்டலூர், கொளப்பாக்கம், நெடுங்குன்றம், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம் என்று ஜிஎஸ்டி சாலையின் இரு பக்கமும் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்கள் நாம். நமக்கு முன்பே பரம்பரையாக இங்கே இருந்து, படித்து, வேலைக்குப் போன உள்ளூர்ப் பிள்ளைகளையும் இந்த 'நாம்' என்பதில் சேர்த்தே சொல்கிறேன். இரு தரப்பும் சேர்ந்து ஒரு பெரிய அலட்சியத்தைச் செய்திருக்கிறோம். இந்த ஊர்களில் வாசற்படிக்கு உள்ளே நடந்துவந்த வழக்கங்களை, அவற்றை அறிந்த ஆயாக்களும் தாத்தாக்களும் உயிரோடு இருந்த காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்கவில்லை. குடியிருப்போர் நலச்சங்கம் அமைத்தோம். மழைநீர் வடிகாலுக்கு மனுக் கொடுத்தோம். பிள்ளையார் கோவில் கட்டிக் கும்பாபிஷேகம் செய்தோம். ஆனால் பக்கத்துத் தெருவில் ஆடி மாதம் கூழ் வார்த்த வீட்டுக்குப் போய், ஏன் இந்த ஞாயிற்றுக்கிழமை, ஏன் இந்த வேப்பமரத்தடி, முதல் கரண்டி யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சொம்பை நீட்டிக் கூழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

எவ்வளவு இருந்தது என்று சொன்னால்தான் எவ்வளவு விட்டோம் என்பது விளங்கும். விளக்கு வைத்த பிறகு உப்பு, தயிர், ஊசி மூன்றையும் இரவல் கொடுக்கமாட்டார்கள். "விளக்கு வச்ச நேரத்துல உப்பு கேக்காதம்மா, காலைல வந்து வாங்கிக்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். செவ்வாயிலும் வெள்ளியிலும் வீட்டுப் பணம் வெளியே போகாது. பொழுது சாய்ந்தபின் பெருக்கினால் குப்பையை மூலையில் ஒதுக்கி வைப்பார்கள். வாசலைத் தாண்டிக் கொட்டமாட்டார்கள். வாசக்கால் நிறுத்தும் நாளில் அடியில் நவதானியமும் காசும் போட்டு, மேலே மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டுவார்கள். குழந்தை அரண்டு அழுதால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு நெடி வருகிறதா என்று பார்ப்பார்கள். நெடி வராவிட்டால் கண் பலமாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். மார்கழி முழுக்கக் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார் பிடித்துப் பரங்கிப்பூ செருகி, அந்த உருண்டைகளைக் காயவைத்துச் சேர்த்து வைப்பார்கள். ஆடியில் கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து நொய் சேர்த்துக் காய்ச்சும் கூழுக்கு முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் துணைக்கு நிற்கும்.

இந்த அளவுக்கு யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். நம் கையில் மிஞ்சியிருப்பதும் இந்த மேலோட்டமான பட்டியல்தான். இதற்கு உள்ளே இருந்ததைத்தான் விட்டுவிட்டோம். விளக்கு வைத்தபின் உப்பு கொடுக்கக் கூடாது, சரி. பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து வந்து கேட்டால்? சாவு வீட்டுக்குக் கேட்டால்? கொடுக்கத்தான் வேண்டும் என்றால், பதிலுக்கு ஒரு காசையோ ஒரு பிடி அரிசியையோ வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்தார்களா? நெடுங்குன்றத்தில் ஒரு மாதிரியும் மாம்பாக்கம் பக்கம் ஒரு மாதிரியும் செய்தார்களா? ஒரு வழக்கத்தை விதியாகச் சொன்னால் ஒரு வரியில் முடிந்துபோகும். விதிவிலக்கைக் கேட்டால்தான் அந்த வீட்டுப் பெண்கள் அண்டை வீட்டோடு என்ன கணக்கு வைத்திருந்தார்கள், எதற்குப் பயந்தார்கள், எதற்கு இளகினார்கள் என்பது தெரியவரும். அந்த இரண்டாவது கேள்வியை நாம் கேட்கவே இல்லை.

கேட்ட நாடு ஒன்று இருக்கிறது. அயர்லாந்தில் மே மாதம் முதல் நாள் வீட்டிலிருந்து நெருப்புக் கங்கு, பால், வெண்ணெய், உப்பு எதையும் வெளியே கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் அந்த ஆண்டு முழுவதற்குமான அதிர்ஷ்டமும், தயிர் கடைந்தால் திரள வேண்டிய வெண்ணெயும் கூடவே போய்விடும் என்று நம்பினார்கள். வெண்ணெய் கடையும் நேரத்தில் வீட்டுக்குள் வந்தவர் யாரானாலும் மத்தில் ஒரு கை போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். பிப்ரவரி முதல் தேதிக்கு முந்தைய இரவு, புனித பிரிஜித்தின் பெயரால் கோரைப்புல்லில் சிலுவை பின்னி வாசல் நிலைக்கு மேலே செருகுவார்கள். துணி ஒன்றை வெளியே போட்டுவைத்து, அவள் கடந்துபோகும்போது தொட்டிருப்பாள் என்று எடுத்து, தலைவலிக்கும் பிரசவத்துக்கும் அதைப் பத்திரப்படுத்துவார்கள். படிக்கும்போது நம் வீட்டுக்குள் நடப்பதுபோலவே இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் யார் சொன்னது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று அவர்களால் இன்று காட்ட முடியும்.

1935-இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காறுகளைத் திரட்ட ஓர் ஆணையம் அமைத்தது. விடுதலை பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகளே ஆன, கையில் காசில்லாத அரசு அது. சேமஸ் ஓ டூலர்கா என்ற பேராசிரியர் அதன் இயக்குநர். முழுநேரச் சேகரிப்பாளர்கள் எடிஃபோன் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு, பெரும்பாலும் சைக்கிளில், கிராமங்களுக்குப் போனார்கள். மெழுகு உருளையில் பதிந்த பேச்சை வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு, அந்த உருளையைச் சீவி மறுபடி பயன்படுத்தினார்கள். புது உருளை வாங்கக் கட்டுப்படியாகாததால் எத்தனையோ குரல்கள் அப்படியே போயின. சொன்னது மட்டும் எழுத்தில் நின்றது.

அந்த ஆணையம் செய்தவற்றில் நம்மை அதிகம் வெட்கப்படவைப்பது 1937-இல் தொடங்கிய பள்ளித் திட்டம். பதினொன்றிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக, தங்கள் வீட்டிலும் ஊரிலும் இருந்த முதியவர்களிடம் கேட்டு எழுதிவரவேண்டும். என்ன கேட்பது என்பதற்கு ஆசிரியர்களுக்கு ஒரு சிறு கையேடு கொடுத்தார்கள். நல்ல நாள் கெட்ட நாள், கல்யாண வழக்கம், ஊர் வைத்தியம், ரொட்டி சுடும் விதம், வெண்ணெய் கடைதல், புனிதக் கிணறுகள், பஞ்ச காலத்து நினைவு, புதையல் கதை, கொல்லன் பட்டறை என்று தலைப்புகள் போகும். ஏறத்தாழ 5,000 பள்ளிகள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், 7 லட்சத்துக்கும் அதிகமான பக்கங்கள். 1939 தொடக்கத்தில் முடிந்த அந்த வேலை இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிள்ளையின் கையெழுத்து, சொன்ன பெரியவரின் பெயர், ஊர் எல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. 2017-இல் யுனெஸ்கோ இந்த ஆணையத்தின் தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நம் பிள்ளைகளும் கட்டுரை நோட்டு வைத்திருந்தார்கள். அதில் நாம் எழுதச் சொன்னது 'மழைநீர் சேகரிப்பு', 'நான் முதலமைச்சரானால்'. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் மட்டும் எத்தனை பள்ளிகள், எத்தனை பொறியியல் கல்லூரிகள்! திட்ட அறிக்கைக்குத் தலைப்புத் தேடி அலையும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். கல்லூரிச் சுவருக்கு வெளியே ராட்டி தட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம் அவர்களை அனுப்ப வேண்டும் என்று ஆசிரியர்களாக இருந்த நமக்குத் தோன்றவில்லை.

தமிழில் இந்த வேலை நடக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். பண்டிதர் ச. ம. நடேச சாஸ்திரி 1880-களிலேயே கதைகளைத் திரட்டி அச்சிட்டார். நா. வானமாமலை நெல்லைச் சீமையில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களையே உருவாக்கினார். கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரத்துக்கு அகராதி தந்தார். கொங்குக்குப் பெருமாள்முருகன், குமரிக்கு அ. கா. பெருமாள், வழக்கங்களின் வேரைத் தேடிய தொ. பரமசிவன் என்று பெருமைப்பட ஆட்கள் இருக்கிறார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை நடந்தது. செங்கல்பட்டுச் சீமையின் வீடுகளுக்குத்தான் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. சென்னைக்கு இத்தனை அருகில் இருந்ததே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஏறிப் பட்டணத்துக்குப் போன நமக்கு, கிராமம் என்றால் மதுரைக்குத் தெற்கே எங்கோ இருப்பது. நம் வீட்டுக்குப் பின்னால் நெல் அறுத்துக்கொண்டிருந்த ஊர் கிராமமாகவே கண்ணில் படவில்லை. அது 'இன்னும் டெவலப் ஆகாத ஏரியா'.

இந்தப் பக்கத்துப் பழக்கங்கள் எழுத்தில் கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் புத்தகங்கள். எட்கர் தர்ஸ்டன் 1912-இல் தென்னிந்தியச் சகுனங்களையும் நம்பிக்கைகளையும் பற்றித் தனி நூலே எழுதினார். மதராஸ் பிஷப்பாக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட், தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி எழுதினார். மதுராந்தகம் ஏரி உடையப்போன இரவில் வில்லேந்திய இருவர் கரையில் நின்று காத்தார்கள் என்ற கதை இன்றுவரை ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. அந்தக் காட்சியைக் கண்டவராகக் கதை சொல்வது லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயக் கலெக்டரை. வண்டலூரைச் சுற்றியுள்ள சிற்றேரிகளின் கரைகளிலும் கன்னிமாரும் செல்லியம்மனும் இருந்தார்கள். மதகு திறக்கும் முன் அவர்களுக்குப் பொங்கல் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். அந்தக் கதைகளில் கலெக்டர் வரவில்லை. நாமும் கேட்கவில்லை.

எனக்கு மிகவும் மனம் கனப்பது பூவாடைக்காரியை நினைக்கும்போது. வட தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு உள்ளேயே வாழும் தெய்வம் அவள். கன்னியாகவோ சுமங்கலியாகவோ அந்த வீட்டில் இறந்துபோன பெண். கோவில் கிடையாது, சிலை கிடையாது, அர்ச்சகர் கிடையாது. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டால் முதலில் அவளுக்குத்தான் படையல். பம்பையும் உடுக்கையும் அடிப்பவர்களை அழைத்துக்கொண்டு மாலையில் கிணற்றடிக்கோ ஏரிக்கரைக்கோ போவார்கள். நீர் மொண்டு கலசம் சோடித்துப் பூச்சுற்றி, பாட்டாலேயே அவளை வருந்தி அழைப்பார்கள். குடும்பத்தில் ஒருவர் மேல் அருள் வரும். யாரென்று கேட்பார்கள், என்ன குறை என்று கேட்பார்கள். அவள் பேசுவாள், அழுவாள், தன்னை மறந்துவிட்டதாகக் கோபிப்பாள். பிறகு வீட்டுக்கு அழைத்துவந்து, மஞ்சள் தடவிய புதுப்புடவை, வளையல், பூ, அவளுக்குப் பிடித்த பலகாரம் எல்லாம் வைத்து, இந்தக் கல்யாணம் நல்லபடி நடக்கவேண்டும் என்று கும்பிடுவார்கள். அந்தப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள்.

பிரசவத்தில் போனவள், கிணற்றில் விழுந்தவள், காய்ச்சலில் பத்து வயதில் கண்மூடியவள். எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத பெண்களின் வாழ்க்கையை ஒரு குடும்பம் தலைமுறைதோறும் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிவந்தது இந்த வழியில்தான். அவளை அழைக்கும் பாட்டில் அவள் எப்படிச் செத்தாள் என்பது இருந்தது. இசபெல் நபோகோவ் என்ற மானிடவியலாளர் தென்னாற்காட்டுப் பக்கம் களப்பணி செய்து, இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்கும் இச்சடங்கைப் பற்றி எழுதிய புத்தகம் 2000-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. நாமோ கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, வீடியோகிராபருக்கு முன்பணம் கட்டி, முந்தைய வாரம் வீட்டில் நடந்த பூவாடைக்காரி படையலை வெளியே சொல்லக் கூச்சப்பட்டோம். பம்பைக்காரரின் பாட்டைப் பதிவு செய்ய எல்லார் சட்டைப்பையிலும் கைபேசி இருந்தது.

கூச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மில் ஒரு பாதி பகுத்தறிவின் பெயரால் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினோம். மூடநம்பிக்கையை எதிர்ப்பதற்கு இந்த மண்ணில் நியாயமான காரணங்கள் இருந்தன, இருக்கின்றன. ஆனால் எதிர்ப்பவர்தான் முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும். எதை எதிர்த்தோம் என்பதற்காவது சாட்சி வேண்டாமா? இன்னொரு பாதி அறிவியல் காரணம் சொல்லத் தொடங்கினோம். கோலமாவு எறும்புக்கு, சாணி கிருமிக்கு, வேப்பிலை காற்றுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் வாட்ஸாப்பில் வந்தது, அனுப்பினோம். பார்க்கப்போனால் இது முதல் அலட்சியத்தைவிட மோசம். செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்று கேட்காமலே, அவருக்கு நாமே ஒரு காரணத்தைக் கற்பித்துவிட்டோம்.

அம்மை வார்த்த வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அடுப்பில் தாளிப்புச் சத்தம் கேட்காது. வெளியாள் உள்ளே வரமாட்டார். நோய் என்ற பேச்சே கிடையாது. "அம்மா வந்திருக்கா" என்பார்கள். முத்து இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்று தண்ணீர் ஊற்றினால்தான் அம்மா இறங்கியதாகக் கணக்கு. தனிமைப்படுத்தல் என்று இதை ஒரு வரியில் புகழ்ந்துவிட்டுப் போகலாம். பெரியம்மை இந்தியாவைவிட்டு 1975-இல் ஒழிந்தது தடுப்பூசியால். கிண்டி கிங் நிலையத்தில் அந்த ஊசிமருந்து தயாரானது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஊசி வருவதற்கு முன்பு, சாகக் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கொப்புளங்களை ஒரு தாயின் விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு இரவைக் கடத்திய பெண்ணின் மனத்தை எந்த மருத்துவ வரலாறும் சொல்லாது. அவள் பாடியது நமக்கு வேண்டியிருந்தது.

கெட்டதும் இருந்தது, நிறையவே இருந்தது. தாலி இழந்த பெண்ணை ஆலம் சுற்ற விடாமல் பின்கட்டில் நிறுத்தினோம். தூரமான பெண்ணுக்குத் தனித் தட்டு, தனி மூலை. கூழ் வார்த்தபோது சேரிக்காரர் எங்கே நிற்கவேண்டும் என்பதும் ஒரு வழக்கமாகவே இருந்தது. அயர்லாந்தில் 1895-இல் டிப்பரரி மாவட்டத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற இளம்பெண்ணைக் கணவனே நெருப்பில் வைத்துக் கொன்றான். தன் மனைவியை மோகினிக் கூட்டம் தூக்கிப்போய்விட்டது, வீட்டில் இருப்பது மாற்றாள் என்று அவன் நம்பினான். அந்தக் கொடுமையைத் தெரிந்துகொண்டே அந்த நாடு, மோகினிக் கதைகளை ஒன்றுவிடாமல் எழுதி வைத்தது. நாமும் இரண்டையும் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டதால் நல்லது மறந்தது. கெட்டது மட்டும் எழுதப்படாத சட்டமாக அடுக்குமாடிக் கதவுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நம் அலட்சியத்துக்குச் சாதியும் உண்டு. அக்ரகாரத்து நோன்பும் பண்டிகையும் புத்தகமாக வந்தன, பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தன. ஊர்த்தெருவுக்கு அதில் கால் பங்கு இடம். சேரிக்கும் இருளர் குடியிருப்புக்கும் இடமே இல்லை. இருளர்களின் பாம்பு பிடிக்கும் திறமையை உலகம் அறியும். 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய அவர்களின் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது செங்கல்பட்டு மாவட்டமே மகிழ்ந்தது. மாசி மகத்தன்று இதே இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். மணலில் படி அமைத்து, புடவைகளால் மறைப்புக் கட்டி, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணம் முடித்து, பிள்ளைகளுக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். வண்டலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். சிற்பம் பார்க்கப் போன நாம், மணலில் இருந்த கூட்டத்தைத் தாண்டி நடந்து, அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பினோம்.

கல்லாக இருந்தால் நமக்கு மதிக்கத் தெரிகிறது. 1863-இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கருவியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். 2023 டிசம்பர் 30-இல் பேருந்து முனையம் திறந்த கிளாம்பாக்கத்தில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1985-இல் வண்டலூருக்கு வந்த அண்ணா உயிரியல் பூங்காவில் புலி ஈன்றால் நாள், எண்ணிக்கை எல்லாம் பதிவாகிறது. இவையெல்லாம் சரியான வேலைகள்தான். அதே ஊரில் எண்பது வயதில் ஒருவர் இறந்தால் இறப்புச் சான்றிதழ் வாங்குகிறோம். அவர் அறிந்த கைவைத்தியத்துக்கும் பாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கவில்லை.

காலியான இடத்தில் வேறு வந்து நிறைகிறது. அட்சய திருதியைக்கு நகை வாங்கியே ஆகவேண்டும் என்பது நம் ஆயாக்களுக்குத் தெரியாத நம்பிக்கை. வாஸ்து பார்த்து சுவரை இடிப்பதும், பணம் பெருகச் செடியும் சிலையும் வாங்கி வைப்பதும் அப்படித்தான். நம்பிக்கை நம்மைவிட்டுப் போகவில்லை. கூழும் உப்பும் சாணி உருண்டையும் கொண்டு பைசா செலவில்லாமல் நடந்துவந்ததை விட்டுவிட்டு, விலைக்கு விற்கப்படும் நம்பிக்கையை வாங்கிக்கொண்டோம்.

இன்னும் எல்லாம் முடிந்துவிடவில்லை. எழுபதும் எண்பதும் கடந்தவர்கள் இந்த ஊர்களில் இன்றும் திண்ணையில் இருக்கிறார்கள். திண்ணை போன வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். வருகிற அரையாண்டு விடுமுறை மார்கழியில்தான் வருகிறது. ஆசிரியர்களே, பிள்ளைகள் கையில் ஒரு கோடுபோட்ட நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள். சொன்னவர் பேர், ஊர், வயது, தேதி முதல் பக்கத்தில் இருக்கட்டும். அவர் பேசிய பேச்சையே எழுதச் சொல்லுங்கள். திருத்தவேண்டாம், விளக்கம் சேர்க்கவேண்டாம், அசிங்கம் என்று எதையும் அடிக்கவேண்டாம். காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் முதலில் போகச் சொல்லுங்கள், அங்கே யாரும் இதுவரை கேட்டதில்லை. எழுதிய நோட்டுகளைப் பள்ளி அலமாரியிலும் கிளை நூலகத்திலும் ஒவ்வொரு படியாக வையுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்களே, உங்கள் அடுத்த கூட்டத்தில் தண்ணீர் லாரிக்குப் பிறகு இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். படிக்கிற நீங்கள் யாராக இருந்தாலும், உங்கள் வீட்டில் மூத்தவரிடம் இன்று இரவே கேளுங்கள்: நம் வீட்டுப் பூவாடைக்காரி யார், அவள் பேர் என்ன?